ஓடுகிறவருக்கும் ஒரு வரம்பு உண்டு!



விளையாட்டுத் திடலிலிருந்து திரும்பும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் வழக்குகளுள் ஒன்றைப் பெற்றோர் அனைவரும் அறிவர். "நான் வேண்டுமென்று மோதவில்லை. ஆனாலும் என்னை அவுட் என்று சொல்லிவிட்டார்கள்" என்பதே அது. மாலை நேரத்தில் மதரஸாவுக்கு ஓத வரும் பிள்ளைகள் பாடம் தொடங்குமுன் என்னிடமும் இதே வழக்கைக் கொண்டுவருவதுண்டு. ஒருவன் வாதியாக நிற்பான். மற்றவன் பிரதிவாதியாக நிற்பான். எஞ்சியோர் அனைவரும் சாட்சிகள்!

"வேண்டுமென்று செய்யவில்லை" என்னும் இந்த மறுமொழி எப்போது செல்லும், எப்போது செல்லாது? விளையாட்டு விதிகளை வகுத்தோர் இக்கேள்வியை மிக நுட்பமாகச் சிந்தித்திருக்கின்றனர். அதனை அறிந்துகொண்டால் நம் பிள்ளைகளுக்கிடையே எழும் பல சச்சரவுகளை நாமே தீர்த்துவைக்க இயலும். ஆகவே, ஓடுகிறவருக்கும் பந்தைத் தடுக்கிறவருக்கும் இடையில் உள்ள உரிமைகள் எவை, கடமைகள் எவை என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

சேப்பாக்கத்தில் ஒரு தீர்ப்பு

முதலில் நீங்கள் அறிந்த கிரிக்கெட்டிலிருந்தே தொடங்குவோம். 2024ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் சென்னை சேப்பாக்கம் திடலில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணியும் மோதின. சென்னை அணி ஆடிக்கொண்டிருந்தபோது ரவீந்திர ஜடேஜா பந்தைத் தட்டிவிட்டு ஓடினார். இரண்டாவது ஓட்டத்துக்காக அவர் திரும்பி ஓடிவர, மறுமுனையில் இருந்த ருதுராஜ் கெய்க்வாட் வேண்டாமென்று தடுத்துவிட்டார். ஜடேஜா பாதி வழியில் திரும்பி, புறப்பட்ட முனையை நோக்கி ஓடினார். அதே முனையின் ஸ்டம்பை நோக்கி விக்கெட் காப்பாளர் சஞ்சு சாம்சன் பந்தை எறிந்தார். பந்து ஸ்டம்பைச் சேரவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஜடேஜாவின் உடலில் பட்டது.

ராஜஸ்தான் அணி முறையிட்டது. மூன்றாம் நடுவர் படக்காட்சியைப் பார்த்து, ஜடேஜா தம் ஓட்டத்தின் திசையை மாற்றிப் பந்தின் வழியில் வந்துள்ளார் என்று முடிவு செய்து அவுட் கொடுத்தார். 'ஆட்டத்துக்கு இடையூறு செய்தல்' என்ற காரணத்தால் ஐ.பி.எல். போட்டிகளில் ஆட்டமிழந்த மூன்றாமவர் அவர். 2013இல் யூசுப் பதானும், 2019இல் அமித் மிஸ்ராவும் அவருக்கு முன்னர் இவ்வாறு வெளியேறியவர்கள். அன்றைய ஆட்டத்தில் சென்னை அணியே வென்றது என்றாலும், அத்தீர்ப்பு சரியா தவறா என்ற விவாதம் தேநீர்க் கடைகளில் பல நாள் நடந்தது.

விவாதித்தவர்களில் பலர் கேட்ட கேள்வி, "முதுகைக் காட்டி ஓடுகிறவர் பந்து வரும் வழியை எவ்வாறு அறிவார்?" என்பதாகும். நியாயமான கேள்விதான். ஆனால் விதி கேட்கும் கேள்வி அதுவன்று. தக்க காரணமின்றித் தம் ஓட்டத்தின் திசையைப் பெரிதும் மாற்றி, அதனால் ரன் அவுட் முயற்சிக்கு இடையூறாக இருந்தாரா என்பதே விதியின் கேள்வி. அப்படியானால், எதிரணி முறையிடும்போது அவரை அவுட் என அறிவிக்கலாம். அந்தப் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா படாதா என்பதைக்கூட நடுவர் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை.

இங்குதான் ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். உள்ளத்தின் நிய்யத்தை அறிபவன் இறைவன் ஒருவனே. நடுவர் மனிதர், அவருக்குத் தெரிபவை கால்களும், கைகளும், திரும்பிய தலையும் மட்டுமே. ஆகவேதான், எண்ணத்தைப் பற்றித் தீர்ப்பளிக்க வேண்டிய இடத்திலும் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தை விதி நடுவரின் கையில் கொடுக்கிறது. திசை மாற்றம் என்பது அத்தகைய அடையாளமே.

சில நிகழ்வுகளில் ஐயத்துக்கே இடமிருப்பதில்லை. 1989இல் அகமதாபாத்தில் இலங்கைக்கு எதிராக ஆடிய மொஹிந்தர் அமர்நாத், ரன் அவுட் ஆவதைத் தவிர்க்கப் பந்தைக் காலால் உதைத்துத் தள்ளினார். 2006இல் பெஷாவரில் இந்தியாவுக்கு எதிராக ஆடிய இன்சமாம் உல் ஹக், கோட்டுக்கு வெளியே நின்ற நிலையில், சுரேஷ் ரெய்னா ஸ்டம்பை நோக்கி எறிந்த பந்தை மட்டையால் தடுத்தார். இருவருமே விதிப்படி வெளியேறினர். அதே வேளையில், தற்செயலாகப் பந்து மேலே பட்டாலும், காயத்திலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள ஒருவர் பந்தைத் தடுத்தாலும் கிரிக்கெட் விதி அவரைத் தண்டிப்பதில்லை.

மென்பந்தாட்டம் என்னும் சதுரம்

கிரிக்கெட்டை அறியாத வீடு நம் தருமபுரி மாவட்டத்தில் இராது. ஆனால் சாஃப்ட்பால் எனப்படும் மென்பந்தாட்டத்தை அறிந்தோர் சிலரே. பள்ளி மாணவ மாணவியருக்கான தேசியப் போட்டிகளில் அதற்கும் இடமுண்டு. 1887இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில், ஒரு மண்டபத்துக்குள், சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகக் கொண்டு பிறந்த ஆட்டம் அது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் பெண்களுக்கான போட்டியாக இடம்பெற்றது. பெயரில்தான் மென்மை இருக்கிறதே தவிர, பந்தில் இல்லை. அதன் சுற்றளவு 12 அங்குலம். கிரிக்கெட் பந்தைவிடப் பெரியது, எடையும் அதிகம்.

மோதல் பற்றிய விதிகள் கிரிக்கெட்டைவிட இந்த ஆட்டத்தில் விரிவாக இருப்பதற்குக் காரணம் திடலின் அமைப்புதான். கிரிக்கெட்டில் ஓடுகிறவர் இரண்டு முனைகளுக்கிடையே நேர்கோட்டில் ஓடுகிறார். அவ்வழியில் பெரும்பாலும் தடுப்பாளர் எவரும் நிற்பதில்லை. மென்பந்தாட்டத்திலோ 60 அடி இடைவெளியில் சதுரமாக நான்கு தளங்கள் அமைந்துள்ளன. பந்தை அடித்தவர் முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் என்று சுற்றி, புறப்பட்ட இடத்தை அடைந்தால்தான் ஒரு ரன். அந்தச் சதுரத்தின் ஓரங்களிலேயே தடுப்பாளர்கள் நிற்கின்றனர். ஓடுகிறவரின் பாதையும் பந்தை எடுக்க விரைகிறவரின் பாதையும் ஒன்றையொன்று வெட்டியே தீரும்.

நம் கடைவீதியின் குறுகிய சந்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் என்ன ஆகும்? யார் முதலில் செல்லலாம் என்று ஒரு முறை இருந்தால் இருவரும் சுகமாகச் செல்வர். இல்லாவிட்டால் இருவரும் நின்று சண்டையிடுவர். மென்பந்தாட்டத்தின் விதிகள் செய்வதும் அதுவே. யாருக்கு வழி, யார் விலக வேண்டும் என்பதை அவை முன்கூட்டியே வரையறுத்துவிடுகின்றன.

ஓடுகிறவர் தடுப்பாளருக்கு இடையூறு செய்தால் அதனை 'இன்டர்ஃபியரன்ஸ்' என்பர். நாம் குறுக்கீடு என்போம். தடுப்பாளர் ஓடுகிறவருக்கு இடையூறு செய்தால் அதனை 'அப்ஸ்ட்ரக்‌ஷன்' என்பர். நாம் மறிப்பு என்போம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான சச்சரவுகளுக்கு வேர்.

அடித்த பந்தா, எறிந்த பந்தா?

குறுக்கீட்டைப் பற்றி முடிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான். மட்டையிலிருந்து புறப்பட்டு வரும் பந்தா, அல்லது ஒரு தடுப்பாளர் மற்றவருக்கு எறிந்த பந்தா?

அடித்த பந்தை எடுக்க முயல்கிற தடுப்பாளருக்கே வழியுரிமை உண்டு. ஓடுகிறவர்தான் விலகிச் செல்ல வேண்டும். சுற்றிக்கொண்டு போகலாம், பின்னால் போகலாம், ஒரு கணம் நின்றும் போகலாம். அவ்வாறு விலகுவதற்காக வழக்கமான பாதையை விட்டு வெளியே சென்றாலும் அது குற்றமாகாது. ஆனால் மோதிவிட்டால், அல்லது தடுப்பாளர் தடுமாறும்படி குறுக்கே சென்றுவிட்டால், ஓடுகிறவர் அவுட். இந்த இடத்தில் "வேண்டுமென்று செய்யவில்லை" என்ற மறுமொழி செல்லாது. உடலோடு உடல் பட வேண்டும் என்பதும் இல்லை. எதிரே வந்து தடுப்பாளரைத் தயங்கி நிற்கச் செய்தாலே போதும். சத்தமிட்டு அவரைக் குழப்பினாலும் குறுக்கீடுதான்.

அடித்த பந்து ஓடுகிறவரின் மேலேயே பட்டாலும் இதே கண்டிப்பு உண்டு. அவர் தளத்தை விட்டு விலகியிருக்கையில், தடுப்பாளர் எவரையும் தொடாமலும் கடக்காமலும் வந்த பந்து அவர்மீது பட்டால் அவர் அவுட். தளத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால் அந்தத் தளம் அவருக்குக் காப்பு. வேண்டுமென்றே பந்தைத் தடுக்காதவரை அவர் அவுட் அல்லர்.

குறுக்கீடு என்று நடுவர் அறிவித்த அக்கணமே பந்து செத்துவிடுகிறது. மற்ற ஓட்டக்காரர்கள் தாம் கடைசியாக முறைப்படி தொட்ட தளத்துக்குத் திரும்ப வேண்டும். எதிரணி ஒரே பந்தில் இருவரை வெளியேற்றிவிடக் கூடாதே என்பதற்காக ஒருவர் வெளிப்படையாகக் குறுக்கே விழுந்தால், அவரோடு அவருடைய அணியில் மற்றொருவரும் அவுட் ஆவார். சூழ்ச்சியால் காத்துக்கொள்ள நினைத்ததையும் இழக்கும்படி அவ்விதியை அமைத்திருக்கின்றனர்!

எறிந்த பந்தின் நிலை வேறு. பந்து கையிலிருந்து எப்போது புறப்படும், எவ்வழியில் வரும் என்பதை ஓடுகிறவர் அறிய இயலாது. தம் பாதையில் இயல்பாக ஓடுகிறவரின் முதுகில் அது பட்டால் அவர்மீது குற்றமில்லை; ஆட்டம் தொடரும். கையை நீட்டியோ, இடுப்பை வளைத்தோ, திசையை மாற்றியோ வேண்டுமென்றே அதனைத் தடுத்தால்தான் அவுட். ஆகவே "வேண்டுமென்று செய்யவில்லை" என்ற மறுமொழிக்கு இங்கே மதிப்புண்டு. சேப்பாக்கத்தில் எழுந்த கேள்வியும் எறிந்த பந்தைப் பற்றியது என்பதை நினைவிற்கொள்க.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு. பந்தை அடித்தவர் முதல் தளத்தை நோக்கி ஓடுகையில், அந்தத் தொலைவின் பிற்பாதியில் மூன்று அடி அகலத்துக்கு ஒரு தடம் கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கும். அத்தடத்துக்கு வெளியே ஓடி, முதல் தளத்தில் பந்தைப் பிடிக்க நிற்பவருக்கு இடையூறாக இருந்தால், எண்ணம் எதுவாயினும் அவர் அவுட். எங்கே ஓட வேண்டும் என்று முன்பே கோடு போட்டுக் காட்டிவிட்ட பிறகு, அறியாமல் செய்தேன் என்று சொல்ல இடமில்லை அல்லவா? பல போட்டிகளில் முதல் தளத்தையே வெள்ளைப் பாதி, ஆரஞ்சுப் பாதி என இரட்டையாக அமைப்பர். தடுப்பாளர் வெள்ளையை மிதிக்க, ஓடுகிறவர் ஆரஞ்சை மிதிப்பார். கால்கள் மோதாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

எண்ணத்தை அளப்பது எவ்வளவு கடினம்!

மென்பந்தாட்டத்தின் மூத்த சகோதரனான பேஸ்பாலிலும் இதே பாகுபாடு உண்டு. 1978இல் அமெரிக்காவின் உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணிக்கும் இடையே நான்காம் ஆட்டம் நடந்தது. இரண்டாம் தளத்தில் அவுட் ஆகிவிட்ட ரெஜி ஜாக்சன், பாதையில் நின்றுவிட்டார். முதல் தளத்தை நோக்கி எறியப்பட்ட பந்து அவருடைய இடுப்பில் பட்டுத் தெறித்து ஓடியது. அதற்குள் யாங்கீஸ் அணிக்கு ஒரு ரன் கிடைத்துவிட்டது.

அவர் இடுப்பை வேண்டுமென்றே பந்தின் பக்கம் நகர்த்தினார் என்று டாட்ஜர்ஸ் அணியின் மேலாளர் டாமி லசோர்டா கடுமையாக வாதாடினார். நடுவர்கள் குறுக்கீடு இல்லை என்று முடிவு செய்தனர். யாங்கீஸ் அணி 4க்கு 3 என்ற கணக்கில் அந்த ஆட்டத்தை வென்று, தொடரையும் வென்றது. அந்த இடுப்பு அசைந்தது தற்செயலா, திட்டமா என்ற விவாதம் பல்லாண்டுக் காலம் ஓயவில்லை. எறிந்த பந்துக்கு எண்ணத்தை அளவுகோலாக வைத்ததன் விலை இது. நியாயத்துக்கு அது தேவை. ஆனால் தீர்ப்பு எப்போதும் அனைவருக்கும் நிறைவளிக்காது.

கொல்கத்தாவில் நடந்த மறிப்பு

இனி மறுபக்கத்தைக் காண்போம். தடுப்பாளர் ஓடுகிறவரின் வழியில் நின்றால் என்ன ஆகும்? இதற்கு 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் திடலில் நடந்த இந்திய பாகிஸ்தான் டெஸ்ட் ஆட்டத்தைவிடப் பொருத்தமான சான்று இல்லை.

சச்சின் டெண்டுல்கர் மூன்றாவது ரன்னுக்காக ஓடிவந்தார். ஸ்டம்பின் அருகே பந்துக்காக மேலே பார்த்து நின்ற ஷோயப் அக்தர்மீது மோதினார். எல்லையருகிலிருந்து மாற்று ஆட்டக்காரர் நதீம் கான் எறிந்த பந்து நேரே ஸ்டம்பில் பட்டது. மட்டையைக் கோட்டுக்குள் ஊன்றாத நிலையில் டெண்டுல்கர் இருந்தார். மூன்றாம் நடுவர் அவுட் கொடுத்தார். அன்றைய கிரிக்கெட் விதிப்படி அது சரியான தீர்ப்பே. ஏனெனில், தடுப்பாளர் வேண்டுமென்று மறித்தால்தான் கிரிக்கெட்டில் அது குற்றம். தற்செயலான மோதலுக்கு ஓடுகிறவர்க்குக் காப்பில்லை.

இதே மோதல் மென்பந்தாட்டத்தில் நடந்திருந்தால்? கையில் பந்து இல்லாத தடுப்பாளர், அடித்த பந்தை எடுக்கும் முயற்சியிலும் இல்லாதபோது, ஓடுகிறவரின் வழியில் நின்று அவரைத் தாமதப்படுத்தினால் அது மறிப்பு. வேண்டுமென்று நின்றாரா இல்லையா என்பது கேள்வியே அன்று. நடுவர் இடக்கையை நீட்டி அடையாளம் காட்டுவார், ஆட்டம் தொடரும், மறிக்கப்பட்ட இரு தளங்களுக்கிடையே ஓடுகிறவரை அவுட் ஆக்க இயலாது. ஒரே மோதல், ஓர் ஆட்டத்தில் அவுட், மற்றோர் ஆட்டத்தில் காப்பு! ஆகவே, "இது எந்த ஆட்டம்? அதன் விதி என்ன?" என்று கேளாமல் நியாயம் பேசுவது எவ்வளவு பிழையாகிவிடும் என்பதைப் பாருங்கள்.

அன்று கொல்கத்தாவில் கூட்டத்தினர் அப்படிக் கேட்கவில்லை. மறித்து விழச்செய்தார் என்றே எண்ணினர். திடலுக்குள் பொருள்கள் வீசப்பட்டன, ஆட்டம் நின்றது. டெண்டுல்கரே வெளியே வந்து அமைதி காக்குமாறு கேட்டுக்கொண்ட பின்னரே தொடர்ந்தது. மறுநாள் மீண்டும் கலவரம் எழவே, காவல்துறையினர் கூட்டத்தை முழுவதுமாக வெளியேற்றினர். ஏறத்தாழ 65,000 பேர் அமர்ந்திருந்த இருக்கைகள் வெறிச்சோடிக் கிடக்க, பாகிஸ்தான் 46 ரன்களில் வென்றது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், ஜனவரி 31ஆம் நாள், அதே பாகிஸ்தான் அணி சென்னையில் 12 ரன்களில் வென்றபோது சேப்பாக்கத்து மக்கள் எழுந்து நின்று கைதட்டிப் பாராட்டினர். தோல்வியின் வலி இரண்டு நகரங்களிலும் ஒன்றே. அநீதி இழைக்கப்பட்டது என்ற எண்ணம் சேர்ந்தபோதுதான் அந்த வலி கலவரமாயிற்று.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

இத்தகைய தவறான எண்ணங்கள் பெரிய திடல்களில் மட்டுமா பிறக்கின்றன? பள்ளித் திடலில் இரண்டு பிள்ளைகள் மோதிக்கொள்கின்றனர். ஒருவனைப் 'பொய்யன்' என்கிறான் மற்றவன். மறுநாள் ஒரே பெஞ்சில் உட்கார மறுக்கின்றனர். பிறகு பெற்றோரும் முகம் திருப்பிக்கொள்கின்றனர். அடித்த பந்துக்கு எண்ணம் தேவையில்லை என்ற ஒரு விதியை அறிந்திருந்தால், அவுட் ஆன பிள்ளையைக் குற்றவாளி என்று ஒருவரும் கருதியிருக்கமாட்டார்கள். அவன் விலகத் தவறினான், அவ்வளவே. ஏமாற்ற நினைத்தான் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அவுட் என்பது வேறு. அவமானம் என்பது வேறு.

எனவே பிள்ளைகள் வழக்குடன் வரும்போது மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். பந்து அடித்ததா, எறிந்ததா? தடுப்பாளர் கையில் பந்து இருந்ததா, அல்லது பந்தை எடுக்கும் முயற்சியில் இருந்தாரா? ஓடுகிறவர் தம் வழியிலேயே ஓடினாரா, மாற்றினாரா? மூன்றுக்கும் உண்மையான விடை கிடைத்தால் பெரும்பாலான வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். நியாயம் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை, பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

நடுவரிடம் முறையிடும் முறையையும் சொல்லிக்கொடுங்கள். மென்பந்தாட்டத்தில் இதற்கு அழகான ஒழுங்கு ஒன்று உண்டு. நடுவர் விதியைத் தவறாகப் பொருள்கொண்டால், அடுத்த பந்து வீசப்படுமுன் முறைப்படி எதிர்ப்புத் தெரிவிக்கலாம். "அடித்த பந்துக்கு எண்ணம் தேவையில்லையே, ஐயா" என்பது செல்லுபடியாகும் முறையீடு. ஆனால் அவர் கண்ணால் கண்டு சொன்ன முடிவை எதிர்த்து முறையிட முடியாது. "அவன் வேண்டுமென்றுதான் கையை நீட்டினான்" என்பது முறையீடாகாது. விதியைப் பற்றிப் பேசலாம். பார்வையைப் பற்றிப் பேசக்கூடாது. நம் வீட்டு வழக்குகளிலும் இந்த வேறுபாடு பயன்படும்.

இறுதியாக, வாசகர்களே, நமக்கும் ஒரு விதி இருக்கிறது. மென்பந்தாட்டத்தில் குறுக்கீடு என்பது ஓடுகிறவர் மட்டும் செய்யும் தவறன்று. பார்வையாளர் கையை நீட்டிப் பந்தைத் தொட்டாலோ, திடலுக்குள் இறங்கித் தடுப்பாளருக்கு இடையூறு செய்தாலோ அதுவும் குறுக்கீடுதான். பந்து அக்கணமே செத்துவிடும். அந்தக் குறுக்கீடு இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்குமோ அதை நடுவர் முடிவு செய்வார். உங்கள் மகனோ மகளோ பள்ளித் திடலில் ஓடும்போது கோட்டுக்கு வெளியே நின்று உற்சாகமாகக் குரல் கொடுங்கள். கோட்டைத் தாண்ட வேண்டாம்; ஆட்டம் பிள்ளைகளுடையது.